வேண்டாதவை என்றொரு ஃபோல்டர்

"அந்த வீடியோவை சாயங்காலத்துக்குள்ள பென் டிரைவ்ல ஏத்தணும், ஞாபகப்படுத்துங்க," என்றாள் மனைவி, மாடிப்படியில் பாதி ஏறியபடி.

"எந்த வீடியோ?"

"அம்மாவோட பிறந்தநாள் வீடியோதான். ரெண்டு மாசமா உயிரைக் குடுத்து வெட்டி ஒட்டிட்டு இருக்கேனே. வாரா வாரம் அம்மா வந்து மாடிக் கம்ப்யூட்டரைக் குடையறாங்கன்னு, அவங்க கண்ணுல படாம இருக்க 'வேண்டாதவை'ன்னு பேர் போட்டு வச்சிருக்கேன். அந்தப் பேரைப் பாத்துட்டு எவன் திறப்பான்?"

மாப்பிள்ளைக்குக் கையிலிருந்த டம்ளர் நழுவாமல் இருந்ததே பெரிய விஷயம். எவனும் திறக்கமாட்டான் என்பது உண்மைதான். அவரும் திறக்கவில்லை. காலையில் திறக்காமலேயே அழித்துவிட்டார்.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மனைவி வீட்டார் அத்தனை பேரும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இன்று கடைக்கு வார விடுமுறை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அதைத்தான் காலையில் செய்திருந்தார்.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். மாடி அறையில் இருப்பது புதுசு. ஹாலில் இருப்பது கிழம். மனைவி கேக் சொல்லிவிட்டு வரப் போயிருந்த நேரத்தில் மாப்பிள்ளை மாடிக்குப் போய், ரொம்ப நாளாக ஆசைப்பட்ட பீரங்கிச் சண்டை விளையாட்டு ஒன்றைப் புதுசில் ஏற்றினார். இடம் போதவில்லை என்றது. தேடினார். 'வேண்டாதவை' என்று கண்ணெதிரே ஒரு ஃபோல்டர், யானை மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேண்டாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீக்கினார். பிற்பகலில் மனைவி மாடி அறையில் குழந்தைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தருவாள் என்பதால், கீழே உட்கார்ந்தபடியே மேலே இருக்கும் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் ஒன்றையும் இரண்டிலும் ஏற்றி வைத்தார். அவ்வளவு முன்யோசனை.

இப்போது மனைவி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வகுப்பு நேரத்தில் அந்தக் கதவைத் தொடக் கூடாது. போன மாதம் மாப்பிள்ளை இடுப்பில் துண்டோடு காமிராவுக்குக் குறுக்கே நடந்து போய், பிள்ளைகள் எல்லோரும் சிரித்து, இரண்டு பெற்றோர் போன் செய்து விசாரித்த நாளிலிருந்து அது வீட்டுச் சட்டம்.

வகுப்பு முடிந்த கையோடு அவள் அந்த ஃபோல்டரைத் திறப்பாள். அது இருக்காது. அடுத்து மாமியார் வருவார். இரண்டு மாத உழைப்பையும் 'வேண்டாதவை' என்று தூக்கிப் போட்டவர் யார் என்று பேச்சு வரும்.

ஹால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மென்பொருளைத் திறந்தார். 'மறுமுனைக் கணினி கிடைக்கவில்லை' என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதையேதான் சொன்னது. ஓரத்தில் 'உதவி வேண்டுமா?' என்று ஒரு பொத்தான் மினுக்கியது. வேண்டும் என்றார். பெயரைக் கேட்டது. செய்த காரியத்துக்குச் சொந்தப் பெயரைப் போட மனம் வராமல் 'சிங்கம்' என்று போட்டார்.

"வணக்கம் சிங்கம் சார். நான் உதவியாளர் தாமரை. என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க," என்று எழுத்தில் வந்தது.

"மாடியில இருக்கிற கம்ப்யூட்டரோட கனெக்ட் ஆக மாட்டேங்குது. ரொம்ப அவசரம்," என்று தட்டினார்.

"மாடிதானே சார். போய்ப் பாக்கலாமே?"

"போக முடியாது. மனைவி வகுப்பு எடுக்கிறாங்க. அவங்களுக்குத் தெரியாம ஒரு ஃபைலை மீட்கணும்."

"என்ன ஃபைல்?"

"மாமியாரோட பிறந்தநாள் வீடியோ. இன்னைக்கு சாயங்காலம் போட்டுக் காட்டணும். வேண்டாதவைன்னு இருந்துச்சு, அழிச்சுட்டேன்."

திரையில் 'தாமரை எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க," என்று வந்தது.

எழுத்தில் பேசும்போது எந்த லைனில் இருப்பது என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. இருந்தாலும் நாற்காலியில் நேராக உட்கார்ந்து காத்திருந்தார்.

"சரி சார். முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. பதட்டத்துல கை தவறும். மேல இருக்கிற கம்ப்யூட்டர் தூக்க நிலைக்குப் போயிருக்கும். யாராவது ஒரு பொத்தானைத் தட்டினா முழிச்சுக்கும்."

யாராவது என்றால் யார்? மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார். கதவைப் பூனை மாதிரித் திறந்தார். மனைவி முதுகைக் காட்டியபடி தன் லேப்டாப்பில், "அரையையும் காலையும் கூட்டினா எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். புதுக் கம்ப்யூட்டர் அவளுக்குப் பின்னால் சுவரோர மேஜையில் இருந்தது. காமிராவில் விழாமல் இருக்க மாப்பிள்ளை தவழ்ந்து போனார். மேஜைக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டி விசைப்பலகையில் ஒரு தட்டு தட்டினார். தலையை உயர்த்தியதில் மேஜை விளிம்பு மண்டையில் இடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாயைப் பொத்திக்கொண்டார்.

"மிஸ், உங்க பின்னாடி என்னமோ ஊருது," என்றது லேப்டாப்பிலிருந்து ஒரு குரல்.

"கவனத்தைப் பாடத்துல வைங்க," என்றாள் மனைவி, திரும்பாமலே.

அங்கேயே எழுந்து நின்று வேலையை முடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுந்து நின்றால் காமிராவில் விழுவார். துண்டு கட்டாமல் விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதானே. தவழ்ந்தே திரும்பினார்.

கீழே வந்து பார்த்தால், மென்பொருள் இப்போது கடவுச்சொல் கேட்டது. காலையில் அவரே வைத்ததுதான். சுத்தமாக மறந்துபோயிருந்தது. மனைவியின் பிறந்தநாளைப் போட்டார். தவறு. கல்யாண நாளைப் போட்டார். தவறு. அது கல்யாண நாள்தானா என்றே சந்தேகம் வந்து ஒரு நாள் தள்ளிப் போட்டார். அதுவும் தவறு. 'இன்னும் ஒரு முறை தவறினால் பூட்டப்படும்' என்று சிவப்பில் வந்தது.

"தாமரை, போச்சு. எல்லாம் போச்சு," என்று தட்டினார்.

"இருங்க சார். காலையில அதை வைக்கும்போது என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் செய்யல. பசியில இருந்தேன்."

"அப்ப ஏதாவது சாப்பாட்டுப் பேரா இருக்கும். ஆம்லெட்னு போட்டுப் பாருங்க."

போட்டார். திறந்தது. மாப்பிள்ளை அசந்துபோனார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம்தான் சார். உங்களை மாதிரி ஒருத்தரை எனக்குத் தெரியும்."

மாடிக் கம்ப்யூட்டரின் திரை ஹால் கம்ப்யூட்டரில் விரிந்தது. மாப்பிள்ளைக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பது கணினிக்கும் பொருந்தும். இணைப்பு கிடைத்தால் பீரங்கி விளையாட்டு தானாகத் தொடங்க வேண்டும் என்று காலையில் இதே மாப்பிள்ளைதான் ஒரு கட்டத்தில் டிக் போட்டு வைத்திருந்தார். அது தொடங்கியது. ஒலிபெருக்கி மாடியில்தான் இருந்தது.

மேலே முதல் குண்டு வெடித்தபோது ஹால் ஜன்னலே அதிர்ந்தது. இரண்டாவது குண்டோடு குழந்தைகளின் அலறல் கேட்டது. நிறுத்த வேண்டிய பொத்தானைத் தேடிய பதட்டத்தில் மாப்பிள்ளை தவறான இடத்தில் தட்ட, "முன்னேறு, தாக்கு," என்று ஒரு தளபதி கர்ஜித்தார். பிறகு எல்லாம் அடங்கியது. திரை கறுத்தது. மனைவி மின்செருகியைப் பிடுங்கிவிட்டாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஏங்க, இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு? தானா சண்டை போடுது," என்று மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"வைரஸா இருக்கும்மா. தொடாத, தொடாத. நான் அப்புறமா பாக்கறேன்."

"அம்மா வீடியோ அதுலதான் இருக்கு."

"அது பத்திரமா இருக்கும்," என்றார் மாப்பிள்ளை. அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

கதவு சாத்தியதும் தாமரைக்கு நடந்ததைத் தட்டினார். அவசரத்தில் பாதி எழுத்துகள் தப்பாக விழுந்தன.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? மனைவிகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. கோபம் வரும், போயிடும்," என்று எழுதினார் தாமரை.

"மனைவி கோபம் போயிடும். அவங்க அம்மா இருக்காங்களே, அவங்ககிட்ட யார் மாட்றது?"

"ஏன், அவங்களுக்கு என்ன?"

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார். ஆறேழு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. மாப்பிள்ளை மடை திறந்த மாதிரி தட்ட ஆரம்பித்தார்.

"கேட்டாலும் யோசனை சொல்வாங்க, கேக்காட்டியும் சொல்வாங்க. வந்ததும் முதல் வேலையா என் வயித்தைப் பாப்பாங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பாப்பாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, ஆனா இட்லி மாவு மாதிரி நான் பொங்கிட்டே போறேன்னு அந்தப் பார்வையே சொல்லும். நான் உக்காந்திருக்கும்போதே சோபாவை நகத்துவாங்க தாமரை. என்னோட சேத்து நகத்துவாங்க. என் கடைக்கு வந்து, வாங்க வந்த ஆளுகிட்டயே இந்த பிரேம் உங்க மூஞ்சிக்கு எடுக்காதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க வர்றாங்கன்னாலே எனக்கு ஜுரம் வர்ற மாதிரி இருக்கும். இந்த வீடியோ போச்சுன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

'தாமரை எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. வந்தது. நின்றது. மாப்பிள்ளை, பாவம், அந்தப் பெண்ணுக்கே மனம் கஷ்டமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார்.

கடைசியில் வந்தது ஒரே வரி.

"சோபாவை நகத்தினது அடியில பெருக்கறதுக்கா இருக்கும் சார்."

"நீங்களும் அவங்க கட்சியா?"

"சேச்சே. பொதுவா சொன்னேன். வகுப்புக்கு நடுவுல மனைவி வெளிய வருவாங்களா?"

"டீ குடிக்க வருவா."

"அப்ப டீயை நீங்க போட்டு வைங்க. அவங்க கீழ குடிக்கட்டும். நீங்க மேல போய் கரண்டைக் குடுத்துட்டு வந்துடுங்க. கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரம் எடுக்கும், நின்னு பாத்துட்டு இருக்காதீங்க. இந்தத் தடவை ஒலிபெருக்கியை அணைச்சுட்டு வாங்க."

யோசனை என்றால் இதல்லவா யோசனை என்று மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார்.

மனைவி இறங்கி வந்தபோது மேஜையில் டீ ஆவி பறந்தது. அவள் டம்ளரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி டம்ளரைப் பார்த்தாள்.

"என்ன செஞ்சீங்க?"

"டீ."

"அது தெரியுது. என்ன தப்பு செஞ்சீங்கன்னு கேக்கறேன்."

"டீ போட்டாக்கூட சந்தேகமா? நீ குடி. நான் மேல போய் ஜன்னலைச் சாத்திட்டு வரேன், தூசி வருது."

"அம்மாவுக்கு வாழ்த்து சொல்லலாம்னு போன் பண்ணேன், எடுக்கல. பிறந்தநாள் அதுவுமா இன்னைக்கும், ரிடயர் ஆனப்புறம் வீட்டுல இருந்தே பாக்கற அந்த வேலையில உக்காந்துட்டாங்க போல," என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அதற்குள் மாடிப்படியில் பாதி தூரம் போயிருந்தார். "ம்," என்று மட்டும் அங்கிருந்து சொன்னார்.

செருகியைச் செருகிப் பொத்தானை அமுக்கினார், ஒலிபெருக்கியை அணைத்தார், ஒரே ஓட்டமாக இறங்கினார். மனைவி சந்தேகத்தோடு மேலே போனாள். கதவு சாத்தியது. இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆம்லெட் என்று போட்டார், திரை விரிந்தது, பீரங்கியை வேரோடு நீக்கினார். குப்பைத்தொட்டியைத் திறந்தார்.

காலியாக இருந்தது.

மாப்பிள்ளை பேயறைந்தவர் போல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலையில் நீக்கியதோடு நிற்காமல், சுத்தம் என்றால் முழுச் சுத்தமாக இருக்கட்டும் என்று குப்பையையும் கொட்டிவிட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம். அவள் கண் எரிய எரிய உட்கார்ந்து ஒட்டிய இரண்டு மாதம்.

"தாமரை, தொட்டி காலியா இருக்கு. நான் ஒரு முட்டாள். நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறேன்," என்று தட்டினார்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க. உங்க அனுமதியோட நானும் உங்க திரையைப் பாக்கலாமா?"

"பாருங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு?"

திரையில் இரண்டாவதாக ஓர் அம்புக்குறி தோன்றியது. அது நிதானமாக நகர்ந்து எங்கோ போனது, எதையோ திறந்தது, 'முந்தைய பிரதிகள்' என்ற இடத்தில் வந்து நின்றது.

"இந்தக் கம்ப்யூட்டர் தினமும் ஒரு பிரதி எடுத்து வைக்குது சார். நேத்து எடுத்தது இருக்கு. 'மீட்டெடு'ன்னு நீங்களே அமுக்குங்க."

அமுக்கினார். பச்சைக் கோடு மெல்ல நீண்டது. 'வேண்டாதவை' வந்து உட்கார்ந்தது. உள்ளே வீடியோவும், அதன் முகப்பில் மாமியாரின் படமும் இருந்தன. கண்ணாடிக்கு மேலாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "வந்துடுச்சு தாமரை. இவங்கதான் அவங்க. பாத்தாலே பயமா இல்ல?"

இரண்டாவது அம்புக்குறி அந்தப் படத்தின் மேல் போய் நின்றது.

"நல்லாத்தானே இருக்காங்க," என்று வந்தது. "வீடியோ முழுசா இருக்கான்னு ஓட்டிப் பாத்துடுங்க. நானும் பாக்கறேன்."

ஓட்டினார். பழைய படங்கள், சொந்தக்காரர்களின் வாழ்த்துகள், மனைவியின் தழுதழுத்த பேச்சு எல்லாம் ஓடின. பிறகு அவரே வந்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. "எங்க அத்தை எனக்கு இன்னொரு அம்மா மாதிரி," என்று பாடம் ஒப்பித்தார்.

"நல்லாப் பேசறீங்க சார்," என்று எழுதினார் தாமரை.

"மனைவி எழுதிக் குடுத்தது. பல தடவை எடுத்தாங்க."

ஆனால் வீடியோ அதோடு நிற்கவில்லை. ஒப்பித்து முடித்த மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தபடி, காமிரா ஓடுவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். "கடை தீப்பிடிச்ச அன்னைக்கு என் பக்கத்துல முதல்ல வந்து நின்னது அத்தைதான். எங்கப்பாகூட அடுத்த நாள்தான் வந்தாரு. அதை ஏன் எழுதல நீ?" என்றார். "அதை நீங்களே சொல்லுங்களேன்," என்றது மனைவியின் குரல். "சொன்னா அழுதுடுவேன். வேணாம், கட் பண்ணு," என்று படத்திலிருந்த மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி கட் பண்ணவில்லை. ஹாலில் இருந்த மாப்பிள்ளைக்கு வாய் திறந்தபடி இருந்தது. இதை ஊரே பார்க்கப்போகிறது. அதைவிட, மாமியார் பார்க்கப்போகிறார்.

தாமரையிடமிருந்து சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பயந்து, "தாமரை, இருக்கீங்களா?" என்று தட்டினார்.

"இருக்கேன். லைன்ல இருங்க. நான் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்."

வந்தபின் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். "எல்லாம் சரியா இருக்கு சார். போய் நிம்மதியா இருங்க."

"நீங்க நல்லா இருக்கணும் தாமரை. எங்க மாமியாருக்கு உங்களோட பொறுமையில கால்வாசி இருந்தாப் போதும், நான் பிழைச்சுப்பேன்."

'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று ஒரு பெட்டி குதித்து வந்தது. அந்தச் சமயம் பார்த்து மாடிக் கதவு திறந்தது. மாப்பிள்ளை அத்தனையையும் மூடிவிட்டு, கையில் கிடைத்த செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

"தலைகீழா வச்சிருக்கீங்க," என்றாள் மனைவி, இறங்கி வந்தபடி. அவள் கையில் பென் டிரைவ் இருந்தது. "வீடியோ பத்திரமாத்தான் இருக்கு. நல்லவேளை."

சாயங்காலம் ஹால் நிறைய சொந்தக்காரர்கள். மாமியார் வந்தார். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் மாப்பிள்ளையின் வயிற்றைப் பார்த்தார். ஆனால் சோபாவை நகர்த்தவில்லை. மாப்பிள்ளைக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது.

விளக்கை அணைத்து வீடியோவைப் போட்டார்கள். "அடடா, இது எப்போ செஞ்சீங்க? எனக்குத் தெரியவே தெரியாதே," என்று மாமியார் கன்னத்தில் கை வைத்தார். முப்பது வருஷம் டெலிபோன் ஆபீசில் பேசித் தேய்ந்த குரல், அன்று ரொம்பக் குழைந்திருந்தது. மாப்பிள்ளை பகுதி வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். தீப்பிடித்த கதை வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

விளக்கு போட்டார்கள். மனைவி கேக்கை வெட்டித் தட்டில் வைத்து, "அம்மாவுக்கு நீங்களே குடுங்க," என்று மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். தப்பித்தோம் என்ற நிம்மதியில் அவர் தட்டை நீட்டினார். "வாழ்த்துகள் அத்தை."

மாமியார் தட்டை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நட்சத்திரம் போடாமலே ஓடிட்டீங்களே, சிங்கம் சார்."